கேளுங்கள், சொல்கிறோம்: வளாகத்தில் புதுக் கட்டடம்

கே: பல்கலைக்கழக வளாகத்தில் கூடுதலாக நான்கு மாடி வகுப்பறைக் கட்டடம் வரைவது என் இறுதியாண்டுப் பணி. அலங்காரமே வேண்டாம் என்று நாற்புறமும் கண்ணாடி, சுற்றிலும் ஒவ்வொரு மாடிக்கும் வெயிலை மறைக்க 2 மீட்டர் வெளியே நீட்டிய நிழல்தளம் என வரைந்தேன். ஆசிரியர் மேற்குப் பக்கத்தை அடித்துவிட்டார். என்ன தவறு?
*- பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, கிளமெண்டி*

ப: அடித்தது சரிதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணியை ஒட்டி. டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும்போதுகூட அந்நேரத்தில் 65 பாகை உயரத்தில் நிற்கும். 3 மீட்டர் உயரமுள்ள தெற்குச் சுவரை மறைக்க அப்போது 1.4 மீட்டர் நிழல்தளம் போதும். காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் 1.9 மீட்டர் தேவைப்படும். அதாவது தெற்கிலும் வடக்கிலும் உங்கள் 2 மீட்டர் கச்சிதம்.

மேற்கின் கதை வேறு. மார்ச் மாதம் மாலை 5 மணிக்கு வெயில் ஏறத்தாழ 30 பாகையில் நேராக உள்ளே பாயும். அதே சுவருக்கு 5 மீட்டர் நிழல்தளம் வேண்டும், யாரும் கட்டமாட்டார்கள். எனவே நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும்படி கட்டடத்தைத் திருப்புங்கள். மேற்கு முனையில் படிக்கட்டு, மின்தூக்கி, கழிவறை, சாமான் அறை ஆகியவற்றை அடுக்கினால் அவையே வகுப்பறைக்குத் திரையாகிவிடும். அங்கே சன்னல் வைத்தே தீரவேண்டும் என்றால் செங்குத்துப் பலகைகளோ துளையிட்ட உலோகத் தகடோ போடுங்கள்.

இன்னொன்று: ‘சுமத்ரா’ புயற்காற்று மேற்கிலிருந்துதான் சாய்மழையை அடித்துக்கொண்டு வரும், பெரும்பாலும் விடியற்காலையில். திறந்த படிக்கட்டு என்றால் தளத்துக்கு வெளிப்புறச் சரிவும் வடிகாலும் வரைபடத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் வகுப்புக்கு வருபவர்கள் வழுக்கி விழுவார்கள்.

கே: ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிட்டு, ஏர்கானுடன் மின்விசிறியும் போடப் போகிறார்களாம். மிச்சமாகுமா, வேர்த்துக் கொட்டுமா?
*- கல்லூரி அலுவலக ஊழியர், ஈசூன்*

ப: சரியாகச் செய்தால் மிச்சமாகும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு, சுற்றுச்சூழல் பள்ளிக்காக 2019ல் திறக்கப்பட்ட ‘எஸ்டிஇ4’ கட்டடம் இப்படித்தான் இயங்குகிறது. வழக்கத்தைவிடக் குறைவாகக் குளிரூட்டிய புதுக் காற்று உள்ளே வரும், மீதியை விசிறி பார்த்துக்கொள்ளும். உடம்பில் படும் காற்று நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் இருந்தால் 27 பாகை அறை 24 பாகை போலத் தோன்றும். அதற்கு மேல் போனால் மேசைக் காகிதம் பறக்கும்.

நாம் பார்த்தவரை கெடுப்பது ஏர்கான் ரிமோட்தான். விசிறியும் சுற்றும், ஏர்கானும் 23ல் நிற்கும். எல்லாரும் குளிர்ச்சட்டை போட்டிருப்பார்கள், மின்கட்டணம் ஒரு வெள்ளிகூடக் குறையாது. 26, 27ல் வைத்துப் பூட்டிவிடச் சொல்லுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் சும்மா அழகுக்கு இருந்ததில்லை. எதிரொலியை உறிஞ்சியதும், குளிர்காற்றுக் குழாயை ஈரக் காற்றிலிருந்து ஓரளவு காத்ததும் அதுதான். அதை எடுத்தால் அந்த இரண்டு வேலைக்கும் ஆள் போடவேண்டும். கான்கிரீட்டுக்குக் கீழே ஒலியுறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிடுங்கள். வெளிக்காற்று 30 பாகை, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் 26 பாகைக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோக்கும். ஒருவர் சன்னலைத் திறந்தாலே போதும், காப்புறை சரியாக ஒட்டப்படாத குழாய் இணைப்பிலிருந்து கணினி மேல் சொட்டத் தொடங்கும். பதிக்கும்போதே ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பார்க்கவேண்டும். விளக்கு விசிறி இறக்கைக்கு மேலே வரவே கூடாது. வெளிச்சம் வெட்டி வெட்டி விழும், அரை மணி நேரத்தில் தலைவலி.

கே: கூரைச் சூரியத் தகடுகளே கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் கொடுக்குமா?
*- வாசகர், தெம்பனிஸ்*

ப: மாடி எண்ணிக்கையைப் பொறுத்தது. 2,000 சதுர மீட்டர் கூரையில் தண்ணீர்த் தொட்டி, நடைபாதை போக 1,400 மிஞ்சும் என்று வையுங்கள். 5 சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் என்றால் 280 கிலோவாட். ஒரு கிலோவாட் இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 யூனிட் தரும், மொத்தம் 3,36,000. சதுர மீட்டருக்கு 55 யூனிட் மட்டும் செலவழிக்கும் சிக்கனமான கட்டடம் என்றால் மூன்று தளத்துக்குச் சரியாக வரும். நான்காவது தளத்துக்குக் கூரையை வெளியே நீட்டவேண்டும். தகடுகளைத் தட்டையாகப் படுக்கவைக்காதீர்கள். 5 முதல் 10 பாகை சாய்வு இருந்தால்தான் மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும்.

கே: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மரத்தாலான ‘காயா’ கட்டடத்தைப் பார்த்தேன். நம் ஊர் ஈரத்துக்கு மரம் தாங்குமா?
*- ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர், பூன் லே*

ப: 2023ல் திறந்த காயா 43,500 சதுர மீட்டர் பரப்புள்ளது. இத்தகைய கட்டடங்களுக்குப் பயன்படுவது பெரும்பாலும் குளிர்நாட்டு மென்மரத்தை ஒட்டி அடுக்கிய பலகை. தாங்கும், ஆனால் காற்று தேங்கக்கூடாது. மரப்பரப்பை ஒட்டிய ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் கரும்புள்ளியாகப் பூஞ்சை தெரியும். பகலில் ஏர்கானால் குளிர்ந்த மரத்தின்மேல் இரவில் ஈரக்காற்று புகும் நடைபாதை ஓரங்களும் மூலைகளும்தான் முதலில் மாட்டும்.

பூஞ்சையும் உளுத்துப்போவதும் வேறு வேறு. முதலாவது மேற்பரப்புக் கறை. மரம் உளுப்பதற்கு அதனுள்ளேயே ஈரம் ஏறவேண்டும். ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் மரத்தில் குத்திப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் துடைத்துவிட்டுக் காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போதும். மேலே காட்டினால் கறையைத் துடைப்பதில் பயனில்லை, கசிவைத் தேடவேண்டும். கூரை வடிகால், குளியலறைச் சுவர், தூண் தரையைத் தொடும் இடம் என்ற வரிசையில் பாருங்கள்.