முழங்கால் வலியுள்ள அம்மாவோடு குவானாஹுவாத்தோ: நடைச் சுற்றுலா சரிப்படுமா?

அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வழிகாட்டியோடு நடந்து மெக்சிகோவின் குவானாஹுவாத்தோ ஊரைப் பார்க்க ஆசை என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், பாதையை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நடுத்தெருக்கள் ஓரளவு சமம், பக்கத்துச் சந்துகளில் திரும்பினால் படிக்கட்டுதான். குன்றின் மேலிருக்கும் பீப்பிலா சிலைக்கு நடத்திக் கூட்டிப்போவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே போக ஹுவாரெஸ் நாடக அரங்கின் பின்னாலிருந்து விஞ்ச் ரயில் ஏறுகிறது.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அல்ஹோந்திகா கட்டடத்தில்தான் வீண்போகாது. சும்மா பார்த்தால் அது பழைய தானியக் கிடங்கு, அவ்வளவே. 1810இல், ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராக மெக்சிகோ விடுதலைப் போரைத் தொடங்கிய பாதிரியார் இதால்கோவின் படை அதைப் பிடித்தது. மறு ஆண்டே அவரையும் மற்ற மூன்று தலைவர்களையும் கொன்று, தலைகளைக் கட்டடத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிட்டார்கள். 1821 வரை அங்கேயே இருந்தன. இதையெல்லாம் அந்த இடத்திலேயே நின்று கேட்க வேண்டும்.

இரவில் பாட்டுக்காரர்களோடு சந்துகளில் போகும் கூட்டம் ஜாலியானது, ஆனால் அம்மாவுக்கு ஒத்துவராது. மேடும் நெரிசலும் அதிகம். ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரம், அதனால் வந்திறங்கிய அன்றே நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். முடிந்தால் தனி வழிகாட்டியே பேசுங்கள், நினைத்த இடத்தில் உட்காரலாம்.