நத்தார் சொக்லேட் புடிங்கில் மின்ட் சுவை: சாறு வேண்டாம், கிறீம் போதும்

கேள்வி: நத்தாருக்கு 10 பேருக்குச் சொக்லேட் பிஸ்கட் புடிங் செய்து, அதில் மின்ட் சுவை கொண்டுவரப் பார்க்கிறேன். போன வருடம் புதினாவை அரைத்துப் பிழிந்த சாற்றை உருக்கிய சொக்லேட்டில் ஊற்றியதும் திரண்டு மண் மாதிரி ஆகிவிட்டது. வாசமும் சட்னி வாசம். குளிரில் பட்டரும் இளகவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, ஹட்டன்)

பதில்: திரண்டதற்குக் காரணம் சாற்றிலிருந்த தண்ணீர். உருகிய சொக்லேட்டில் சீனியும் கொக்கோவும் கொழுப்புக்குள் பரவியிருக்கும். கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் சீனி ஈரமாகி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கொதிநீர்ச் சட்டிமேல் வைத்து உருக்கும்போது ஏறுகிற ஆவியே இதற்குப் போதும். திரண்டதைக் கொட்டிவிட வேண்டாம். சூடான கிறீமை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கிளறினால் இளகிவிடும். சிறிதளவு தண்ணீர்தான் கெடுக்கும், தாராளமாக விட்டால் கெடுக்காது.

புதினா விஷயம் வேறு. நம் சந்தையில் கட்டாக வாங்குவது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை. அதன் வாசம் கார்வோன் என்ற வாசப்பொருளால் வருவது. நாக்கில் சில்லென்று ஏறும் மென்தோல் பெப்பர்மின்ட்டில்தான் நிறைய உண்டு. ஆகவே வாசத்துக்கு இலை, குளிர்ச்சிக்கு பெப்பர்மின்ட் எசென்ஸ் என்று இரண்டையும் சேர்ப்பதே நல்லது. இலையை அரைக்கவும் கொதிக்கவிடவும் கூடாது. இரண்டிலும் பச்சை வாடை ஏறிவிடும். எசென்ஸ் வாங்கும்போது போத்தலில் உணவுக்கானது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பாமசியில் தடவுவதற்கு விற்கும் எண்ணெய்களில் கற்பூரம் கலந்திருக்கலாம். அவை உணவில் சேரவே கூடாது.

20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டுக்கு: மாரி பிஸ்கட் 250 கிராம், உப்பில்லாத பட்டர் 250, சலித்த ஐசிங் சீனி 250, கொக்கோ 50, கறுப்புச் சொக்லேட் 150 கிராம், கிறீம் 200 மில்லிலீற்றர், புதினா இலை 20 கிராம், பிஸ்கட் தோய்க்க ஒரு கோப்பை பால். சொக்லேட் வாங்கும்போது பொருட்பட்டியலைப் படியுங்கள். கொக்கோ பட்டருக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த ‘குக்கிங் சொக்லேட்’டும் உறையும், ஆனால் வாயில் மெழுகாக நிற்கும்.

முதலில் கிறீம். ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, அடுப்பை அணைத்து, கழுவி ஈரம் துடைத்த இலைகளைக் கையால் கிள்ளிப் போட்டு மூடிவிடுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம். வடிகட்டிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இலை குடித்ததுபோக 170 மில்லிலீற்றர் அளவு மிஞ்சும், 150க்குக் குறைந்தால் பால் விட்டு நிரப்புங்கள். பிறகு மீண்டும் சூடாக்கி, பொடியாக நறுக்கிய சொக்லேட்மேல் ஊற்றி, 2 நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கிளறுங்கள். இந்த முறையில் ஆவிக்கு இடமே இல்லை. எண்ணெய் பிரிந்து தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி சூடான பால் விட்டால் சேர்ந்துவிடும்.

பட்டர்தான் மலைநாட்டுச் சமையலறையின் உண்மையான தொல்லை. அது 18-20 பாகையில்தான் நன்றாக அடிபடும். டிசம்பரில் நுவரெலியாவில் வீட்டுக்குள்ளும் அந்தச் சூடு கிடைப்பது கஷ்டம், ஹட்டனிலும் காலையில் அப்படித்தான். அதற்காக அடுப்பில் உருக்கிவிட்டால் காற்றுப் பிடிக்காது, எண்ணெயாகத்தான் இருக்கும். சிறு துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்புங்கள். ஒரு பெரிய உலோகப் பாத்திரத்தில் சுடுநீர் ஊற்றி 5 நிமிடம் வைத்து, நீரைக் கொட்டித் துடைத்து, அதைப் பட்டருக்குமேல் கவிழ்த்து 10 நிமிடம் விடுங்கள். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது.

பட்டரும் ஐசிங் சீனியும் வெளுக்கும்வரை அடித்து, மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுங்கள். அதில் கால் தேக்கரண்டி எசென்ஸ் கலந்து ருசி பார்த்து, தேவையென்றால் இன்னும் சில சொட்டு. இரவோடு சுவை மற்ற அடுக்குகளுக்கும் பரவும் என்பதால் இப்போது சற்றுக் குறைவாகத் தெரிவதே சரி. பச்சை நிறம் போடுவது அவரவர் விருப்பம், எனக்கு வெள்ளையே அழகு. மீதியில், கொக்கோவை 5 மேசைக்கரண்டி சூடான பாலில் குழைத்து ஆறவிட்டுச் சேருங்கள். பட்டர் கலவை திரிந்தாற்போல் மணல்மணலானால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வெந்நீர்மேல் 10 விநாடி பிடித்து மறுபடி அடித்தால் வழுவழுப்பாகிவிடும்.

பிஸ்கட் பைக்கற்றை அடுக்கும் நேரத்தில்தான் உடைக்க வேண்டும். மூடுபனி நாட்களில் அது அரை மணியில் நமத்துவிடும், பாலில் போட்டால் கரையும். ஆறிய பாலில் இரண்டு விநாடி தோய்த்தால் போதும். பிஸ்கட், சொக்லேட் பட்டர், பிஸ்கட், மின்ட் பட்டர், பிஸ்கட், சொக்லேட் பட்டர், பிஸ்கட் என்று அடுக்கி, கடைசியில் வெதுவெதுப்பாகும்வரை ஆறவிட்ட சொக்லேட் கிறீமை ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் கீழுள்ள பட்டர் உருகிக் கலந்துவிடும்.

இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். வெளியே குளிர்கிறதே என்று மேசையில் மூடி வைத்துவிடுவது இங்கு வழக்கம். ஆனால் பாலும் கிறீமும் சேர்ந்த பண்டத்துக்கு 5 பாகைக்குக் கீழே வேண்டும், நம் அறைகள் அவ்வளவு குளிர்வதில்லை. பரிமாறுவதற்கு 40 நிமிடம் முன்னால் வெளியே எடுத்து, சுடுநீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள்.