நிறங்களுக்கு இருக்கும் விசித்திரமான பெயர்கள் எவை? அவை எப்படி வந்தன?

எனக்கு மிகவும் பிடித்தவை சிவப்புக் குடும்பத்துப் பெயர்கள். அவற்றில் பல, பூச்சிகளிடமிருந்து வந்தவை.

கிரிம்சன், கார்மைன் என்ற அடர்சிவப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 'கிர்மிஸ்' என்ற அரபுச் சொல்லிலிருந்து கிளைத்தவை. அரபுக்கு அது பாரசீகம் வழியாக வந்தது; அதன் வேரும் நாம் அன்றாடம் சொல்லும் 'கிருமி'யின் வேரும் ஒன்றே. மத்தியதரைக்கடல் ஓரத்து ஓக் மரங்களில் ஒட்டி வாழும் ஒரு செதில்பூச்சியைக் காயவைத்து எடுத்த சாயத்துக்குத்தான் அந்தப் பெயர். வெர்மிலியனுக்கும் லத்தீன் மூலம் 'சிறு புழு'தான். பிற்காலத்தில் அது, புழுவோடு ஒட்டும் உறவும் இல்லாத பாதரச-கந்தகச் சேர்மத்தின் நிறத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. போலந்து மொழியிலும் சிவப்பைக் குறிக்கும் சொல் புழுவிலிருந்து பிறந்ததே. அங்கே ஒரு செடியின் வேரில் வாழும் சாயப்பூச்சியை ஒரு காலத்தில் ஜூன் கடைசியில் தோண்டி எடுத்தார்கள்.

நம் அரக்கு நிறமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அரக்குப்பூச்சிகள் பிசினைச் சுரந்து, தடித்த ஓடாகப் படியவைக்கும். அதைச் சுரண்டி நீரில் அலசினால் செஞ்சாயம் தனியே இறங்கிவிடும். மிஞ்சும் பிசின்தான் முத்திரைக்கு உருக்கும் அரக்கு. பொருளின் பெயரே நிறத்துக்கும் ஆகிவந்தது.

இவற்றில் மிகப் பெரிய வணிகம் கண்டது மெக்சிகோவின் கொச்சினீல் பூச்சி. சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குபோல ஒட்டிக்கிடக்கும். உள்ளே சிவப்பு இருப்பதாகச் சந்தேகமே வராது. நகத்தால் நசுக்கிப் பார்த்தால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. ஒரு பவுண்டு சாயச்சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். காய்ந்த சரக்கை மட்டுமே பார்த்த ஐரோப்பியர்கள், இது விதையா பூச்சியா என்று நெடுங்காலம் வாதிட்டார்கள். நுண்ணோக்கி வந்த பிறகே வழக்கு தீர்ந்தது. இன்றும் உணவுப் பொட்டலத்தில் 'இ120' என்று இருந்தால் அது இந்தச் சிவப்புதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்ட்ராமரீன் என்றால் 'கடலுக்கு அப்பால்'. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்த லேபிஸ் லசூலி என்ற நீலநிறக் கல், கடல் தாண்டி ஐரோப்பா போனதால் வந்த பெயர். மெஜந்தா ஓர் இத்தாலிய ஊர். 1859இல் அங்கே நடந்த போரின் நினைவாக, அப்போது புதிதாக வந்திருந்த செயற்கைச் சாயத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பியூஸ் என்ற பழுப்புச் சிவப்புக்கு பிரெஞ்சில் 'தெள்ளுப்பூச்சி' என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் நம்பிவிடாதீர்கள். இசபெல்லைன் என்று ஒரு மங்கலான மஞ்சள் உண்டு. ஆஸ்டெண்ட் நகரின் முற்றுகை முடியும்வரை உள்ளாடையை மாற்றமாட்டேன் என்று ஸ்பானிய இளவரசி இசபெல்லா சபதம் செய்தாராம், அந்தத் துணியின் நிறம்தான் இதுவாம். முற்றுகை தொடங்கியதே 1601இல். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் ஆடைகளை 1600இல் கணக்கெடுத்தபோதே 'இசபெல்லா நிற' சாட்டின் கவுன் ஒன்று பட்டியலில் ஏறியிருக்கிறது.