கோபம் வந்தால் பொருளை வீசும் 7 வயதுப் பையனுக்குக் கதை உதவுமா?

உதவும். ஆனால் கோபம் தலைக்கேறி நிற்கும்போது சொன்னால் காதில் ஏறாது. ராத்திரி படுக்கும்போது சொல்லுங்கள். அதைவிட நல்லது, அவனையே சொல்ல விடுவது. அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1971இல் விரிவாக எழுதிய முறை இது: முதலில் பிள்ளை ஒரு கதை கட்டிச் சொல்லும்; அப்புறம் அதே பாத்திரங்களை வைத்து, பெரியவர் நல்லதொரு தீர்வோடு அதைத் திருப்பிச் சொல்வார். "கரடி எல்லாத்தையும் உடைச்சிடுச்சு" என்று அவன் முடித்தால், உங்கள் கதையில் அந்தக் கரடி ஒரு பொம்மையை வீச ஓங்கும், கை நடுங்கும், பிறகு கீழே வைத்துவிட்டு "என் முறை வரவே இல்ல" என்று அம்மாக் கரடியிடம் கத்தும். கத்தட்டும், கோபமே படாத கரடியைப் பிள்ளைகள் நம்புவதில்லை. "நீயும் இப்படித்தானே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதின்வயதினரிடம் இந்தக் கதை முறை எடுபடாது. அவர்களோடு ஒரு படம் பார்த்துவிட்டு, அந்தப் பாத்திரம் ஏன் அப்படி வெடித்தது என்று கேளுங்கள். தங்களைப் பற்றியும் பேசத் தொடங்குவார்கள்.