விண்டோஸில் திறக்கும் ஹார்டு டிஸ்க் உபுண்டு லினக்ஸில் மவுண்ட் ஆகவில்லை (இணைந்து திறக்கவில்லை), "ராங் எஃப்எஸ் டைப்" என்கிறது. ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸில் கோப்புகள் ஒழுங்காகத் திறக்கின்றன என்றால், பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இல்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) டிஸ்க்கில், முறையாக மூடப்படவில்லை என்பதைக் காட்டும் "டர்ட்டி" என்ற குறி விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஃபார்மட் செய்தால் தரவு போகும்.

"ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்ற செய்தியை அப்படியே நம்பாதீர்கள். மவுண்ட் ஏன் தோற்றது என்று தெளிவாகத் தெரியாத பல இடங்களில் இதே வரிதான் வரும். உண்மைக் காரணம் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் இருக்கிறது. டிஸ்க்கை மாட்டி, ஒருமுறை திறக்க முயன்றுவிட்டு, டெர்மினலில் இதை அடியுங்கள் (எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து):

சூடோ டிஎம்இஎஸ்ஜி | டெயில் -30

"வால்யூம் இஸ் டர்ட்டி அண்ட் ஃபோர்ஸ் ஃப்ளாக் இஸ் நாட் செட்" என்று இருந்தால் நோய் பிடிபட்டது. கெர்னல் 5.15 முதல், என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைத் திறக்கும் என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வருகிறது. புதிய பதிப்புகள் பலவற்றில் டெஸ்க்டாப் முதலில் அதைத்தான் எடுக்கும். டர்ட்டி குறி இருக்கும் டிஸ்க்கை அது மவுண்ட் செய்ய மறுத்துவிடும். பழைய டிரைவரான என்டிஎஃப்எஸ்-3ஜி இவ்வளவு கறார் இல்லை. "போன வருடம் வரை திறந்ததே" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

குறி விழக் காரணம் இரண்டு. ஒன்று, எஜெக்ட் செய்யாமல் பிடுங்குவது. இன்னொன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இயங்கும்போது "ஷட் டவுன்" கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை; பாதி நிலையைச் சேமித்துவிட்டுத் தூங்கிவிடுகிறது. அப்போது மாட்டியிருந்த டிஸ்க்குகளும் முறையாக விடுவிக்கப்படாமல் நிற்கும்.

சரிசெய்ய நல்ல வழி விண்டோஸ் பக்கமிருந்தே. அட்மின் உரிமையுள்ள கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "செக்டிஸ்க் இ: /எஃப்" (இ என்ற இடத்தில் உங்கள் டிரைவ் எழுத்து), பிறகு "பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்". இரண்டாவது ஹைபர்னேஷனையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் சேர்த்தே அணைத்துவிடும். பிறகு டிஸ்க்கை எஜெக்ட் செய்து எடுங்கள்.

விண்டோஸ் கைவசம் இல்லையென்றால் லினக்ஸில்:

சூடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி /டெவ்/எஸ்டிபி1

கடைசிப் பெயரை "எல்எஸ்பிஎல்கே -எஃப்" அடித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எஸ்டிபி என்று முழு டிஸ்க்கைக் கொடுக்காமல், எஸ்டிபி1 என்று பார்ட்டிஷனைக் கொடுக்க வேண்டும். "-டி" ("டர்ட்டி"யின் முதல் எழுத்து) விடுபட்டால் டர்ட்டி குறி அழியாது. இந்தக் கருவி செக்டிஸ்க்குக்கு மாற்று அல்ல. சில அடிப்படை முரண்களை மட்டும் நீக்கி, ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) காலி செய்யும். முக்கியமான தரவு இருந்தால் முதலில் மவுண்ட் கட்டளையில் "-ஓ ஆர்ஓ" சேர்த்து, படிக்க மட்டும் மவுண்ட் செய்து நகலெடுங்கள். டர்ட்டி குறியைப் பொருட்படுத்தாமல் மவுண்ட் செய்யும் "ஃபோர்ஸ்" ஆப்ஷனைக் கடைசி வழியாகக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். முரண்பட்ட நிலையில் எழுத ஆரம்பித்தால் சின்னச் சேதம் பெரிதாகும்.

பதிவில் டர்ட்டி என்ற வரி இல்லையென்றால் கதை வேறு. எல்எஸ்பிஎல்கே பட்டியலில் டிஸ்க்கே இல்லை, பதிவில் "எர்ரர் -71" அல்லது "-110" வருகிறது என்றால் கேபிள், போர்ட், மின்சாரம் என்று பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. சுழலும் 2.5 அங்குல டிஸ்க் கிளம்பும்போது அதைவிட அதிகமாக இழுக்கலாம். மின்சாரம் இல்லாத ஹப் வழியாக மாட்டவே கூடாது. எல்எஸ்பிஎல்கே பட்டியலின் எஃப்எஸ்டைப் பத்தியில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) என்று இருந்தால் ஃபைல்ஸ் செயலியில் திறந்து கடவுச்சொல் கொடுங்கள். ஆர்ச் லினக்ஸில் கெர்னலை அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமல் விட்டாலும் "அன்நோன் ஃபைல்சிஸ்டம் டைப்" வரும், ஓடும் கெர்னலின் மாட்யூல்கள் (டிரைவர் கோப்புகள்) நீக்கப்பட்டிருப்பதால்.

"பேட் ஆப்ஷன்" உண்மையாகவே பொருந்தும் இடமும் உண்டு. கோப்புகளின் உரிமையாளரைக் குறிக்கும் "யுஐடி=1000" என்பது ஃபேட், எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் ஆகியவற்றுக்கு உரியது. லினக்ஸின் கோப்பு அமைப்பான எக்ஸ்ட்4 உள்ள டிஸ்க்குக்கு அதைக் கொடுத்தால் இதே பிழைதான். எக்ஸ்ட்4-இல் மவுண்ட் செய்த பிறகு சிஎச்ஓன் கட்டளையால் உரிமையை மாற்ற வேண்டும்.

எஃப்எஸ்டேப் கோப்பில் (கணினி தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) இந்த டிஸ்க்கைச் சேர்ப்பதாக இருந்தால் எஸ்டிபி1 என்று எழுதாமல் யுயுஐடி (அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய அடையாள எண்) எழுதுங்கள்; அடுத்த முறை அது எஸ்டிசி1 ஆகலாம். "நோஃபெயில்" ஆப்ஷன் கட்டாயம். அது இல்லாமல் டிஸ்க்கை மாட்டாமல் கணினியைப் போட்டால், 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.

கழற்றும்போது, காப்பி பார் முடிந்ததும் பிடுங்காதீர்கள். கடைசித் தரவு ரேமிலேயே இருக்கலாம். எஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்ற அறிவிப்பு வரும் வரை காத்திருங்கள். "டார்கெட் இஸ் பிஸி" என்று மறுத்தால், "ஃப்யூசர் -விஎம்" கட்டளையோடு மவுண்ட் ஆன ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். எந்த நிரல் பிடித்துவைத்திருக்கிறது என்று காட்டும். பெரும்பாலும் அந்த ஃபோல்டருக்குள் திறந்து கிடக்கும் இன்னொரு டெர்மினலாகத்தான் இருக்கும்.