பூட்ஸைத் துடைத்துத் தருகிறார், மைதானத்துக்குள் மட்டும் வருவதில்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். நர்ஸ் வேலைக்காக வட அயர்லாந்துக்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. இங்கே டைரோன் மாவட்டத்துக்காரர் ஒருவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். அவருக்கு இப்போது 52 வயது. ஒரே மகன், அவனுக்குப் பத்து வயது. கணவர் நல்ல மனிதர். என் அம்மா இங்கே வந்து மூன்று மாதம் தங்கியபோது, தினமும் சாயங்காலம் அம்மாவை நடக்கக் கூட்டிப் போனது அவர்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல மனசு வருகிறது.

இங்கே கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம். பந்தைக் கையாலும் ஆடலாம், காலாலும் ஆடலாம். அணிக்குப் பதினைந்து பேர். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஊருக்கு ஒரு கிளப், அந்தக் கிளப்தான் ஊர். எங்கள் ஊரில் கோயில் கொடைக்கு எல்லோரும் வந்து நிற்பார்களே, இங்கே வாரா வாரம் மைதானத்தில் அப்படித்தான் நிற்கிறார்கள். கல்யாணம், சாவு எதுவானாலும் சாண்ட்விச்சும் டீயும் போட முதலில் வருவது கிளப் ஆட்கள்தான். என் மாமனார் முப்பது வருஷம் கிளப் சாவியை வைத்திருந்தவர். கேட்டைத் திறப்பது, கோடு போடுவது, ராத்திரி விளக்கை அணைத்துப் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. என் கணவரும் 24 வயது வரை ஆடியிருக்கிறார். நன்றாக ஆடுவார் என்று ஊரே சொல்லும்.

இப்போது மகன் ஆடுகிறான். பயிற்சி முடிந்து அவன் வந்ததும் இவர் அடுக்களைப் பின்வாசல் படியில் பேப்பரை விரித்து உட்காருவார். மழுங்கின வெண்ணெய்க் கத்தியால் பூட்ஸின் அடியில் இருக்கும் சேற்றைக் குமிழ் குமிழாகச் சுரண்டுவார். ஈரத்துணியால் துடைத்து, உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து, சுவரோரம் சாய்த்து வைப்பார். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் வெடித்துவிடும் என்று எனக்கே பாடம் எடுப்பார். அப்புறம் பையில் ஜெர்சி, கையுறை, பல் காப்பு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அடுக்கி ஜிப்பை மூடுவார். கொஞ்ச நேரத்தில் திறந்து பார்ப்பார். மறுபடி மூடுவார். ஒரு ராத்திரியில் நாலைந்து தடவை.

ஆனால் மேட்ச் அன்றைக்கு மைதானத்துக்குள் வரமாட்டார். எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, கேட்டைப் பார்த்தாற்போல் காரைத் திருப்பி நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருப்பார். "டாடி ஏன் பார்க்க வரமாட்டேங்கிறார்?" என்று மகன் கேட்கிறான். பதில் சொல்லத் தெரியவில்லை.

அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. 2021 செப்டம்பரில் டைரோன் அணி மேயோவை ஜெயித்து அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கியது. டிவி முன்னால் உட்கார்ந்து அழுதார். அன்று ராத்திரி சொன்னார். 11 வயதில், அப்பா காரில் ஐந்து பையன்களாக ஒரு மேட்சுக்குப் போயிருக்கிறார்கள். வழியில் சோதனைச் சாவடி. சீருடையில் நின்றவர்களில் ஒருவர் பக்கத்து ஊர்க்காரர், மாமனாரிடம் டிராக்டர் சாமான் வாங்கிப் போனவர். அவரே குனிந்து, "உன் பேர் என்ன? எங்கிருந்து வர்றே? எங்கே போறே?" என்று கேட்டாராம். பைகளை எல்லாம் நனைந்த ரோட்டில் கொட்டச் சொன்னார்களாம். இடைவேளைக்காக மாமியார் நறுக்கி டப்பாவில் வைத்த ஆரஞ்சுச் சுளைகள் ரோட்டோரச் சேற்றில் விழுந்ததைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. மாமனார் சொன்னது, "நேரே பார். ஒன்றும் பேசாதே" மட்டும்தான். போய்ச் சேர்ந்தபோது மேட்ச் பாதி முடிந்திருந்தது.

மாமியார் ஒரு தடவை சொன்னது இன்னொன்று. 1997 மே மாதம் பெல்லாகி ஊர் கிளப்பின் தலைவரைக் கேட்டைப் பூட்டும்போது கடத்திக் கொன்றுவிட்டார்கள். அந்த வாரத்திலிருந்து, மாமனார் பூட்டப் போகும்போதெல்லாம் இவரும் கூடவே போய்க் காரில் காவல் இருப்பாராம். ஆடுவதை நிறுத்தியதும் அந்த வருஷம்தானாம்.

இப்போது பிரச்சினை இதுதான். மகன் அணியில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். இரண்டு பேரும் இணைபிரியாமல் இருக்கிறார்கள். அவன் அப்பா போலீஸ்காரர். சனிக்கிழமைகளில் அவனையும் உங்கள் காரில் கூட்டிப் போக முடியுமா என்று அவன் அம்மா கேட்டார். என் கணவர் "முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மகன் அழுதான். நான் கோபத்தில், "ஒரு குழந்தை மேல் இவ்வளவு வெறுப்பா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பதினொரு நாளாகிறது. பால் இருக்கிறதா, பில் கட்டியாச்சா, இவ்வளவுதான் பேச்சு.

இது வெறுப்புதானா அம்மா? மகனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிடலாமா? அவரை உட்கார வைத்துப் பேச வைக்கட்டுமா?

பெயர் வேண்டாம்,
டைரோன் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மகனை நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தை உங்கள் கணவர் வெறுத்திருந்தால், ராத்திரி படியில் உட்கார்ந்து சேறு சுரண்டிக்கொண்டிருக்க மாட்டார்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த ஊரின் கதையைத் தேடிப் படித்தேன். அவர் எதற்குள் வளர்ந்தார் என்று தெரியாமல் உங்களுக்குப் பதில் எழுதக் கூடாது என்று தோன்றியது. கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்டபோதே, அயர்லாந்தின் ஆட்டங்களோடு அயர்லாந்தின் அடையாளத்தையும் காப்பாற்றத்தான் தொடங்கினார்கள். 1920இல் டப்ளின் குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த வீரர். வடக்கில் 1960களின் கடைசியில், அயர்லாந்தோடு சேர விரும்பியவர்களுக்கும் பிரிட்டனோடே இருக்க விரும்பியவர்களுக்கும் மோதல் மூண்டபோது, கையில் ஹர்லிங் என்ற இன்னொரு கேலிக் ஆட்டத்தின் மட்டையோ ஜெர்சிப் பையோ இருந்தாலே ஒருவர் எந்தப் பக்கம் என்று சாவடியில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். அர்மா மாவட்டத்துக் கிராஸ்மக்ளென் கிளப் நிலத்தின் ஒரு பகுதியை 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது, திரும்பக் கிடைத்தது 1999இல். ஹெலிகாப்டர் இறங்கி ஏறுகிற முகாமுக்குப் பக்கத்தில் ஆடியே அந்தப் பையன்கள் 1997இல் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வாங்கினார்கள்.

உங்கள் கணவருக்குப் பதினைந்து வயது இருக்கும், 1988 பிப்ரவரியில், அவருடைய மாவட்டத்திலேயே ஆக்னாக்ளாய் சாவடியைத் தாண்டித் தன் கிளப் மைதானத்துக்கு நடந்து போன ஏடன் மெக்கனெஸ்பி என்ற 23 வயது இளைஞர் சிப்பாயின் குண்டுக்குப் பலியானார். அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2022இல், 34 வருஷம் கழித்து. உங்கள் மாமியார் சொன்ன பெல்லாகி தலைவர் ஷான் பிரவுன், வயது 61. 1997 மே 12 இரவு அவரைக் கடத்திக் கொன்றது எதிர்த்தரப்பான பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழு. அதற்காக இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதிய இரண்டு வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். 1997இல் தன் அப்பா கேட்டைப் பூட்டும்போது அவர் காரில் காவல் இருந்தார். இன்று மகன் ஆடும்போது, கேட்டைப் பார்த்துக் காரைத் திருப்பி நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மேட்ச் பார்க்க அவர் வருவதில்லை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் காவலுக்கு வருகிறார். அந்த வேலையிலிருந்து அவரை யாருமே விடுவிக்கவில்லை.

பையும் அப்படித்தான். 11 வயதில் அந்தப் பையை அந்நியர் கொட்டினார்கள், இவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இன்று அதைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில் இருக்கிறது. பயம் இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களில் வந்து உட்காரும். செய்தால் ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் மறுபடி செய்யத் தோன்றும். மைதானத்துக்குள் போகாமல் இருப்பதும் இதே மாதிரிதான். தவிர்க்கத் தவிர்க்க அன்றைய பொழுது தப்பும், ஆனால் உள்ளே போனால் ஒன்றும் ஆகாது என்று உடம்பு கற்றுக்கொள்ள வாய்ப்பே வராது. இதற்கு நோய்ப் பெயர் எதுவும் நான் சூட்டப் போவதில்லை. அவரை நான் பார்த்ததில்லை.

வெறுப்பா என்று கேட்டீர்கள். கசப்பு கொஞ்சமும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? தெரிந்த மனிதரே முகத்தைப் பார்த்துப் பெயர் கேட்ட அவமானம் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அவர் வளர்ந்த காலத்தில் வடக்கிலிருந்த போலீஸ்காரரும் சிப்பாயும் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகவே சேர முடியாது. 21ஆம் விதி என்று ஒன்று இருந்தது. 2001 நவம்பரில்தான் அதை நீக்கினார்கள், அப்போதும் வடக்கின் ஆறு மாவட்டங்களில் பெரும்பாலானவை நீக்கக் கூடாது என்றே வாக்களித்தன. ஆகவே போலீஸ்காரர் மகன் ஜெர்சி போட்டு நிற்பது உங்கள் மகனுக்குச் சாதாரணம். அவருக்கு அது புது உலகம்.

ஆனால் அந்த "முடியாது"வில் எனக்குக் கேட்பது பெரும்பாலும் பயம். 2011இல் ஓமா நகரில் ரோனன் கெர் என்ற 25 வயதுப் போலீஸ்காரர் காருக்கு அடியில் வைத்த குண்டில் இறந்தார். அவர் கேலிக் ஆடிய குடும்பத்துப் பிள்ளை. அயர்லாந்தோடு சேர விரும்பிய தரப்பிலேயே, சமாதானத்தை ஏற்காத ஆயுதக் குழுவினர் செய்தது அது. 2023 பிப்ரவரியில் அதே ஓமாவில் ஒரு போலீஸ் அதிகாரி, பையன்களுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்துவிட்டுத் தன் மகனோடு சேர்ந்து பந்துகளைக் காரில் ஏற்றும்போது சுடப்பட்டார். உயிர் பிழைத்தார். விளையாட்டு மைதானம், கார், பந்து, பக்கத்தில் மகன். உங்கள் கணவர் இந்தச் செய்தியை எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பையனைக் காரில் ஏற்றினால் ஆபத்தையும் தன் மகன் பக்கத்தில் உட்கார வைக்கிறோம் என்று அவர் நினைத்திருக்கலாம். இது வெறும் பழைய நினைவு என்று ஒதுக்க முடியாது. அந்தப் போலீஸ்காரரும் ஒருவேளை தினமும் காலையில் காருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறாரோ என்னவோ. இரண்டு அப்பாக்களும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ரோனன் கெர்ரின் சவப்பெட்டியை ஒரு தூரம் கிளப் ஆட்களும், ஒரு தூரம் போலீஸ்காரர்களும் தோளில் சுமந்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. பத்து வருஷம் முன்னால்வரை ஒரே உறுப்பினர் பட்டியலில் இருக்க முடியாதவர்கள் அவர்கள். இதை உங்கள் கணவரிடம் எடுத்துக்காட்டாகச் சொல்ல வேண்டாம். அவர் அந்த மாவட்டத்துக்காரர், நம்மைவிட நன்றாகத் தெரியும்.

"வெறுப்பா" என்று கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். மகனுக்காகக் கோபப்பட்டதற்குக் கேட்க வேண்டியதில்லை. "நான் சொன்ன வார்த்தை தப்பு. நீங்கள் பயந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது." இவ்வளவு போதும். பதில் வராமல் போகலாம், வந்தே தீர வேண்டும் என்று காத்து நிற்காதீர்கள்.

உட்கார வைத்துப் பேச வைக்க வேண்டாம். எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பது, அவருக்குச் சாவடியாகத் தோன்றும். பேசாமல் இருப்பதுதான் உயிரைக் காப்பாற்றும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவர் அப்பா, அதுவும் அன்பினால். அந்தப் பாடத்தை ஒரே ராத்திரியில் மறக்கச் சொல்லாதீர்கள்.

சவாரி விஷயத்தை இப்போதைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு டூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் நீங்களே இரண்டு பையன்களையும் கூட்டிப் போகலாம், ஆனால் கணவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவர் இப்போதும் வேண்டாம் என்றால், அந்த அம்மாவிடம் "இந்த சீசனில் எங்களால் முடியவில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மைதானத்தில் பையன்கள் சேர்ந்திருக்கட்டும் என்று விடுங்கள். இன்னொன்று முக்கியம். நண்பனின் அப்பா என்ன வேலை என்பதை வெளியே யாரிடமும் பேசக் கூடாது என்று மகனுக்குச் சொல்லி வையுங்கள். அது அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு.

மகனிடம் என்ன சொல்வது என்பதைக் கணவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். "அப்பா உன் வயதில் மேட்சுக்குப் போகும் வழியில் ரொம்பப் பயந்துபோனார். அந்தப் பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. உன் மேலோ உன் நண்பன் மேலோ கோபம் இல்லை." இதைவிட அதிகம் இப்போது வேண்டாம். காரணம் தெரியாத குழந்தை, தப்பு தன் மேல் என்று எடுத்துக்கொள்ளும். உங்களை எழுத வைத்ததும் அவன் கேட்ட அந்தக் கேள்விதானே.

தூக்கமின்மை, கெட்ட கனவு, திடீர்க் கோபம், குடிப்பழக்கம், உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இதில் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் குடும்ப டாக்டரிடம் போங்கள். அப்படி இல்லாவிட்டாலும், அந்த மோதலில் காயப்பட்டவர்களுக்காகவே வட அயர்லாந்தில் வேவ் என்ற அமைப்பு 1991 முதல் இயங்குகிறது. எந்தப் பக்கத்தவர் என்று பார்க்காமல் உதவுகிறார்கள். முதலில் நீங்கள் மட்டும் போய் விசாரித்து வரலாம். அந்த ஊர்க் கதையை விளக்காமலே புரிந்துகொள்ளும் ஆளிடம் பேசுவது அவருக்கு எளிது.

அடுத்த பயிற்சி முடிந்து மகன் வந்ததும், அவர் படியில் பேப்பரை விரிப்பார் இல்லையா, அப்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். எதிரே வேண்டாம், பக்கத்தில். அவர் ஒரு பூட்ஸை எடுக்கட்டும். இன்னொன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், சேற்றை எப்படிச் சுரண்டுவது என்று அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்