காந்தி கைப்பட எழுதிய கடிதம்: அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

காந்தியின் கடிதம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், கையெழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல கடிதங்களை அவர் சொல்லச் சொல்ல மகாதேவ தேசாய் போன்ற செயலர்கள் எழுதினார்கள். காந்தி கீழே ஒப்பமிட்டார். முழுக்க அவரே எழுதியதற்குத்தான் மதிப்பு அதிகம். இன்னொரு சிக்கல், வலக்கை வலித்தால் அவர் இடக்கையால் எழுதுவார். அந்த எழுத்தின் தோற்றமே வேறு. அதனால் எழுத்து மாறியிருப்பதாலேயே போலி என்று ஒதுக்கிவிட முடியாது.

கடிதத்தில் உள்ள தேதியையும் ஊரையும், 100 தொகுதிகளாக வெளிவந்த அவருடைய எழுத்துகளின் தொகுப்போடு ஒப்பிடுங்கள். அன்று அவர் வேறு ஊரில் இருந்தால் விற்பவரிடம் கேள்வி கேளுங்கள். யாருக்கு எழுதியது, யார் கை மாறி வந்தது என்ற விவரம் இல்லாமல் வாங்கவே வேண்டாம். 2012-இல் காந்தியின் நண்பர் காலன்பாக் வழிவந்த கடிதங்களை, லண்டனில் ஏலத்துக்குப் போகும் முன்பே இந்திய அரசு வாங்கியது. அந்த வழித்தடம் தெளிவாக இருந்தது.

அப்புறம், வாங்கியதை லேமினேட் செய்துவிடாதீர்கள், காகிதம் பாழாகிவிடும். வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த கையெழுத்து ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.